பித்தளைக் குழாய்

நான் பிளம்பர்.
எந்தப் பள்ளிக்கூடத்தையும்
கழிப்பறையிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவேன்.

பைபாஸ் ரோட்டு மெட்ரிக்கில்
லைன் இழுத்தவன் நானேதான்.
ஆபீஸ் பக்கம் கை நீட்டினால் தானே திறக்கும் குழாய்.
பிள்ளைகள் பக்கம்
நாலு மாதத்தில் கழுத்து இளகும் பிளாஸ்டிக்.
“பார்க்கிற இடத்துல நல்லதாப் போடுங்க” என்றார் தாளாளர்.
கூலி மட்டும் அன்று சாயங்காலமே கைக்கு வந்தது.

செல்லூரில், எங்கள் தெரு முனை மாநகராட்சிப் பள்ளியில்
எல்லாம் பித்தளை. யார் காலத்ததோ, நல்ல கனம்.
ஒன்று மட்டும் சொட்டும்.
ஐப்பசியில் கண்மாய் நிரம்பி மறுகால் போனால்
ஒன்றாம் வகுப்பில் கணுக்கால் தண்ணீர்.
அங்கே செய்த வேலைக்குப் பில் பாஸாக
எட்டு மாதம் நடந்தேன்.

ரெண்டையும் பாண்டீஸ்வரியிடம் சொன்னேன்.
“பைப்பப் பாத்தா பிள்ளையச் சேப்பாக?” என்றாள்.

அவளுக்கு அவள் பரீட்சை.
மாடி வீட்டு ரித்திக்கைக் கூப்பிட்டாள்;
மெட்ரிக்கில் மூன்றாவது.
பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை
ஒரே மூச்சில் இங்கிலீஷில் ஓட்டினான்.
ரேஷன் கார்டைக் கொடுத்தால்
‘அழகுமலை’ என்ற என் அப்பா பெயரில்
கால் தடுக்கி நின்றான்.

அடுத்த வளவு ஃபர்ஹானாவும் மூன்றாவதுதான்,
தெரு முனைப் பள்ளி.
கைக்குக் கிடைத்த தாளை நீட்டிவிட்டாள் இவள்.
அடகுக் கம்பெனிக் கடிதம் அது. நாங்கள் கவனிக்கவில்லை.
குழந்தை நிறுத்தி நிதானமாய் வாசித்தது:
கிராம் எடை, வட்டி, கடைசித் தேதி,
‘தவறும் பட்சத்தில்’ வரைக்கும் பிசகில்லை.
‘ஏலம்’ என்ற இடத்தில் நிமிர்ந்து
எங்கள் இருவரையும் பார்த்தது.
பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்ததும்
அதே பிள்ளை பின்னலைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தது.

எனக்கு இங்கிலீஷ் மேல் ஆசை இல்லை என்று சொல்ல முடியாது.
போன வருஷம் கே.கே. நகரில்
வெந்நீர் மெஷினோடு வந்த புத்தகம் புரியாமல் நின்றேன்.
கம்பெனிப் பையன் வந்து, படித்து, மாட்டிவிட்டுப் போனான்.
மீசை முளைக்காத பயல்.
ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன் நான்.
வீட்டுக்காரம்மா கூலியை அவனிடமே கொடுத்தார்.

அந்தக் கடிதத்தின் பின்பக்கம்தான்
ராத்திரி கணக்கெழுதினாள்:
டேர்ம் பீஸ், வேன், நோட்டு, ரெண்டு செட் ஷூ,
ஆண்டு விழா டிரஸ்.
கீழே கோடு போட்டாள். கூட்டவில்லை.

மச்சினர் திருநகரிலிருந்து போன் போட்டார்:
“ஓசியில சோறு போடுறான்னு சேத்துறாதீக மாப்ள.”
ஓசி என்றதும் இவளுக்குச் சுர்ரென்றது.
“சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டுறோம்ல?”
கேட்டவள் அன்றைக்கே
வேன் எத்தனை மணிக்கு வருமென்று விசாரித்தும் வந்தாள்.

தலைமையாசிரியை ஜெசிந்தாவிடம்
கேட்கக் கூடாததைக் கேட்டேவிட்டாள்:
“உங்க பிள்ளை எங்க படிக்குது மிஸ்?”
பொங்கல் வாளியை மூடிக்கொண்டிருந்த கை நின்றது.
“கோச்சடைப் பக்கம், பிரைவேட்ல.”
கொஞ்ச நேரம் கழித்து,
“அவனுக்கு என்னை மாதிரி டீச்சர் வாய்க்கல.”

வீடு வரும்வரை அந்த ஒரு வரியையே
திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.
ஒரு தடவை பெருமையாகக் கேட்டது,
ஒரு தடவை அப்படி இல்லை.

எங்கள் தன்ஷிகாவோ
“ஃபர்ஹானா அக்கா போறதுக்குப் போறேன்” என்றாள்.
வேன் ஹாரன் கேட்டதும்
“அதுக்கும் போறேன்” என்றாள்.

ரெண்டு விண்ணப்பமும் ஃப்ரிட்ஜ் மேல்.
பறக்காமலிருக்க என் பைப் ரெஞ்ச்.
எது மேலே, எது அடியில் என்பது
தினம் மாறிக் கிடக்கிறது.
யார் மாற்றுவதென்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை
வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.
பழைய வாஷர் தேய்ந்து அப்பளமாகியிருந்தது.
புதுசு எட்டு ரூபாய். பில் எழுதவில்லை.

கையில் பித்தளை வாசத்தோடு வந்தவனிடம்
“முடிவு பண்ணிட்டீகளா?” என்றாள்.
“இல்ல” என்றேன்.
“சொட்டுச்சு.”